கலுங்கில் நான் வைத்த கல்

பதுளை, 6.10.1934

சுந்தரபாண்டியத்தில் இருக்கும் அப்பாவுக்கு மகன் தேவஇரக்கம் வணங்கி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் இருமலும் அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்ததா?

இங்கே தோட்டத்தில் மழை. செவ்வாயன்று மழைத்தண்ணீர் வடியும் கானில் இலை அடைத்து, மண் சரிந்து, நாங்கள் குடியிருக்கும் லயத்தின் அடுப்படிச் சுவர் விழுந்தது. யாருக்கும் காயமில்லை, கவலைப்படாதீர்கள். கங்காணிதான், "ஏலே, ஒத்தக் கான் அடைச்சதுக்கு எம்புட்டு மண்ணு வந்திருக்கு பாத்தியா?" என்றார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா, முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டியது இது. தை மாதம், கண்மாய்த் தண்ணீர் நம் வயலுக்கு இன்னும் பத்து நாள் நிற்கட்டும் என்று, மிஞ்சியது வெளியேறும் கலுங்கில் நம் வீட்டுப் பங்கான கடைசிக் கண் துவாரத்தைக் கல்லும் களிமண்ணும் வைத்து உட்புறமாக அடைத்தேன். எடுக்காமலே கப்பலேறிவிட்டேன். வீட்டுக்கொரு பங்காக ஊரே கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தில் அடுத்த வீட்டுப் பங்கை யாரும் தொடமாட்டார்கள். கேட்டால் நீங்களும், "எங்க பங்கை எம்மவன் முடிச்சிட்டுத்தான் போனான்" என்றிருப்பீர்கள். உங்களிடம் அப்படிச் சொன்னது நான்தான்.

ஐப்பசி மழைத் தண்ணீர் வெளியேறாவிட்டால் கரை தாங்காது. கரையடியில்தான் நம் தெரு.

கடப்பாரை கிணற்றடியில் கிடக்கும். துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். கல்லை எடுத்ததும் ஒரு கார்டு போடுங்கள். அம்மாவும் அதில் ஒரு வரி சொல்லட்டும்.

தபால்காரர் நிற்கிறார். இதைப் படிக்கும்போது அங்கே மழை பிடித்திருந்தால் கலுங்குக்குப் போகாதீர்கள். அடைத்தவன் என் மகன்தான் என்று தெருவெல்லாம் சொல்லி, எல்லோரையும் மேட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

தேவஇரக்கம்