கையை உயர்த்தாத கோல்

செவன் கிங்ஸ், லண்டன்
17 நவம்பர் 2024

அன்புள்ள மிதுலனுக்கு,

தொலைபேசியில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது. எழுதினால் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் பொறுக்கத்தானே வேண்டும். அதனால் இந்தக் கடிதம்.

முழங்கால் மறுபடியும் வீங்கியிருக்கிறது. பயிற்சி முடிந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கார டொலறஸ் அன்ரி நான் படியேறுவதைப் பார்த்து, "உந்தக் காலோடை இன்னும் ஓடப்போறியோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு எண்ணெய் சூடாக்கித் தந்தா.

புது உதைபந்தாட்ட கிளப்பில் இன்னும் ஒரு கோலும் அடிக்கவில்லை. கோல் அடிக்கவென்றே சுவீடனில் இருந்து வந்தவள் நான். வெட்கமாக இருக்கிறது. இந்த ஒரு சீசன் மட்டும் பொறுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
கம்சிகா

~

ஸ்டாக்ஹோம்
9 டிசம்பர் 2024

அன்புள்ள கம்சிகா,

நேற்று உமது பழைய லண்டன் கிளப்போடு நடந்த ஆட்டத்தைக் கணினியில் பார்த்தேன். நீர் கோல் அடித்ததும் துள்ளி எழும்பித் தேத்தண்ணியைச் சோபாவில் கொட்டிவிட்டேன். நீரோ செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நடந்தீர். ஏன்? அடித்ததில் உமக்குச் சந்தோசம் இல்லையா?

'இந்த ஒரு சீசன்' என்று லண்டனுக்குப் போகும்போதும் சொன்னீர். கலியாணம் கட்டியும் நான் தனிக்கட்டைதான். மே மாதம் உமது ஒப்பந்தம் முடிகிறது. அதற்குப் பிறகும் வராவிட்டால் பிரிந்துவிடுவோம். விவாகரத்துப் பத்திரம் எடுத்து வைத்திருக்கிறேன். கோபத்தில் எழுதவில்லை. களைத்துப்போனேன்.

மிதுலன்

~

செவன் கிங்ஸ்
20 டிசம்பர் 2024

அன்புள்ள மிதுலன்,

அந்த கிளப்தான் முழங்காலில் செய்த முதல் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் என்னைக் கைவிடாமல் வைத்திருந்தது. வளர்த்துவிட்டவர்களுக்கு எதிராகக் கோல் அடித்தால் நாங்கள் கையை உயர்த்துவதில்லை. அடிப்பது பிழையில்லை. தோற்கிறவர்களுக்கு முன்னால் துள்ளக்கூடாது, அவ்வளவுதான். பேசாமல் நிற்போம். கூட ஆடுகிறவர்கள் வந்து கட்டிப்பிடிப்பார்கள். அதற்குத் தடை இல்லை.

சந்தோசமா என்று கேட்டீர்கள். நெஞ்சு நிறையச் சந்தோசம்.

பத்திரத்தைப் பற்றி என்ன எழுத? மே வரை கையெழுத்து வைக்கவேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

கம்சிகா

~

செவன் கிங்ஸ்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள மிதுலன்,

போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. பரவாயில்லை.

இன்னும் ஒரு வருடம் ஆடச்சொல்லி ஒப்பந்தம் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து படியில் இருந்துகொண்டு வாசித்தேன். பிறகு எழும்ப முடியவில்லை. அன்ரிதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டா. அடுத்த நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காக மட்டும் என்று பெருமைப்பட வேண்டாம், முழங்காலும் கேட்டது.

சின்ன வயதில் இருந்து பந்தோடுதான் இருந்தேன். அது இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. மே 24 சனிக்கிழமை பின்னேரம் வந்து இறங்குவேன். நீங்கள் வென்றுவிட்டீர்கள் மிதுலன்.

கம்சிகா

~

ஸ்டாக்ஹோம்
6 மே 2025

என் அன்பு கம்சிகா,

பதில் போடாதது என் பிழை. தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். இப்போது பத்திரத்தையும் கிழித்துவிட்டேன்.

நீர் வருகிறீர் என்றதும் அண்ணை முதுகில் தட்டி, "கெட்டிக்காரன், மனிசியை வரப்பண்ணிப்போட்டாய்" என்றார். எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை. இந்த வருடங்களில் உமது ஒரு ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. நீர் எதை வைத்துவிட்டு வருகிறீர் என்று எனக்குத் தெரியும்.

விமான நிலையத்துக்கு வருவேன். பூ, பலூன் ஒன்றும் கொண்டுவர மாட்டேன். உமக்கு முன்னால் துள்ளமாட்டேன். கையைக் கீழே வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பேன்.

நெஞ்சு நிறையச் சந்தோசம்தான், கம்சிகா. பேசாமல் நிற்கிறவரை வந்து கட்டிப்பிடிக்கத் தடை இல்லை என்று நீர்தான் எழுதினீர்.

உமது
மிதுலன்