நிக்கோல் வைத்த விசும்பல்

அன்புள்ள பிரிஜெட் அக்காவுக்கு,

ஈஜிபுராவில் அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஒலிப்பதிவு அறையில் மைக் முன்னால் உட்காரும் முன் நிக்கோல் என்ற பெண் தன் வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தாள், சத்தம் வரக்கூடாதாம். நான் முதலில் கவனித்தது அதைத்தான், எல்லாம் தங்கம். என் தையல் வகுப்பை நடத்தும் சர்ச் டிரஸ்ட், படிப்பை நிறுத்திய பெண்களைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பப் பணம் திரட்டுகிறது. அதற்கு ரேடியோ விளம்பரம். ஒன்பதாவதோடு ஏன் நின்றாய் என்று என்னைக் கேட்டார்கள். அம்மா கால் முறிந்து படுத்ததையும், அவள் வேலை பார்த்த வீடுகளுக்கு நான் போனதையும் சொன்னேன். ஒலிப்பதிவு செய்யும் ஃபிராங்க்ளின் அண்ணன், பாப்பா, உன்னைவிட ஃபேன் சத்தம் ஜாஸ்தி என்றார், எல்லோரும் சிரித்தார்கள். உடனே என் கதையை எனக்குப் பதிலாகப் பேச நிக்கோலைக் கூப்பிட்டார்கள். அவள் டிரஸ்ட் கமிட்டித் தலைவர் மகள், கான்வென்டில் படிக்கிறாள். இனி கணக்குப் பரீட்சை இல்லை என்று முதல் நாள் சந்தோஷப்பட்டேன் என நான் சொன்னதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் அவள் ஒரு விசும்பல் வைத்தாள். நான் அழவே இல்லை அக்கா.

இப்போது ரேடியோவில் பாட்டுக்கு நடுவே தினமும் அந்த விளம்பரம் வருகிறது. பக்கத்து வீட்டு சீதாலட்சுமி ஆன்டி, யார் பெற்ற பிள்ளையோ, குரலே தேன் மாதிரி என்கிறார். அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அழுதாள். அது என் கதைதானே அம்மா என்றேன். தெரியும்டி, ஆனா அந்தப் பொண்ணு சொன்னாத்தான் அழுகை வருது என்றாள். நான் வேலைக்குப் போன அன்று அவள் இப்படி அழவில்லை, டிபன் டப்பாவைத்தான் நீட்டினாள். நிக்கோலைப் பார்த்தால் எனக்கு எப்படி எரிகிறது என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் சொல்லவில்லை.

அம்மா எழுதச் சொன்னது: வெறும் வயிற்றோடு ஷிஃப்டுக்குப் போகாதே, ஞாயிறு பூசையை விடாதே, சேசு உன் கூடவே இருப்பார்.

நேற்று டிவி விளம்பரத்துக்குக் குரல் பதிய மறுபடி போனோம். நிக்கோல் என் கதை எழுதிய தாளை வாங்கிக்கொண்டாள். நானே பேசுகிறேன் என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அவள் வருவதற்குள் மைக் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

உன் தங்கை,
ஐரின்