யாரும் திறந்து பார்க்காத வாய்

மார்ச் 4
இன்றும் அஸ்வினிக்கு மூக்கு வழியாகப் பால் வந்தது. பிறந்து இரண்டு மாதம் ஆகிறது, எடை ஏறவே இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த மதன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒனக்குக் கொயந்தைய ஒழுங்கா புடிச்சிக்கினு பால் குடுக்கத் தெரியல" என்றார். இரும்பு உருக்குகிறவருக்குத் தெரிகிறது, பெற்ற எனக்குத் தெரியவில்லையாம்.

மார்ச் 9
நாத்தனார் கல்பனாவின் பேச்சைக் கேட்டு, தொண்டையில் சிக்கிய தொக்கம் எடுக்க ஆரம்பாக்கம் அங்காளம்மாளிடம் போனோம். அங்காளம்மாள் குழந்தையை மடியில் போட்டுத் தொண்டையை நீவினாள், வாயில் ஊதினாள். துணியில் துளி திரிந்த பாலைக் காட்டி, இதுதான் அடைத்துக்கொண்டிருந்தது என்றாள். நானே திணித்து வைத்த மாதிரி கல்பனா என்னை முறைத்தாள். ரயிலில் கவரைப்பேட்டை வந்து இறங்குவதற்குள் மறுபடியும் மூக்கில் பால்.

மார்ச் 17
திருவள்ளூர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மேல் அண்ணத்தில், உள்ளே தள்ளி, பிளவு. உதடு நன்றாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லையாம். பிரசவம் பார்த்தவங்களுக்கு வாயத் தொறந்து பாக்க ஒரு நிமிஷம் கிடைக்கலையா? ஸ்வீட் எங்கேன்னு கேக்க மட்டும் நேரம் இருந்துச்சே — 

எடை ஏறினால்தான் ஒரு வயதுவாக்கில் ஆபரேஷன். அதுவரை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தினால் பால் வருகிற பாட்டிலில் கொடுக்க வேண்டும்.

மார்ச் 18
மதனோடு பேசவில்லை.

மார்ச் 20
கல்பனா வந்தாள். "எங்க வம்சத்துல யாருக்கும் இப்டி கெடையாது" என்றாள். "யாரு வாயத் தொறந்து பாத்தீங்க?" என்று கேட்டேன். காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகட்டும்.

மார்ச் 29
மதன் தானாகவே பாட்டிலைப் பிடித்தார். வேகமாக அழுத்திவிட்டார், மூக்கெல்லாம் பால். திட்டுவேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால் அவர் மனசு ஆறிவிடும். பேசாமல் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 6
நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் ஆரம்பாக்கம் போனேன். அங்காளம்மாள் மடியில் வேறொரு குழந்தை. அதற்கும் மூக்கில் பால் வருகிறதாம். கையை எடு என்று கத்தினேன். அஸ்வினியின் அண்ணத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கியது.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "எங்க பாக்கணும், காட்டு" என்றாள்.

குழந்தை வீறிட்டு அழுதபோது போன் லைட்டை அடித்துக் காட்டினேன். அண்ணம் முழுசாக இருந்தது. ஒன்றுமில்லை, ஆனாலும் ஒரு டாக்டரிடம் காட்டு என்று அந்தக் குழந்தையின் அம்மாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு வயிறு எரிந்தது.