எட்டாயிரம் காலடிகள்

குகன் வீடு, பத்து பெரண்டாம்,
ஞாயிறு காலை

அன்புள்ள மங்களம்,

நான் சுகம். நீ மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா? போனில் பேசினால் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

குடும்பமே ஆரோக்கியமாக இருக்க வேண்டுமென்று நம் மகன் குகன் எல்லோருக்கும் காலடி எண்ணும் கடிகாரம் கட்டிவிட்டான். எனக்குத் தினமும் எட்டாயிரம். நேற்று நடந்து நடந்து பஸ் நிலையத்துக்கே போய்விட்டேன். நம் ஊருக்குப் போகும் தைப்பிங் பஸ் நின்றது. ஒரு காலை படியில் வைத்தேன். மருமகள் போனில் அழைத்தாள்.

"மாமா, எங்க இருக்கீங்க? போன்ல பஸ் ஸ்டேஷன்னு காட்டுது லா!"

"சும்மா நடக்கிறேம்மா."

"வெரி குட் மாமா! இன்னிக்கு நீங்கதான் ஃபர்ஸ்ட்!"

திரும்பிவிட்டேன். கவலைப்படாதே.

இரண்டு ஜோடி காலுறை அனுப்பு. அப்படியே குகனைக் கூப்பிட்டு, உடம்பு முடியவில்லை, அப்பாவை அனுப்பு என்று சொல். நன்றாக இருந்தாலும் சொல். எனக்கு அவனிடம் கேட்கத் தெரியவில்லை.

பூங்காவுக்குக் கூப்பிடுகிறார்கள்.

அவசரத்தில்,
தங்கையா