வேறொரு குழந்தைக்கு

அன்புத் தம்பி,

இந்த நடுராத்திரியில் மெயில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் விழித்திருந்தால் "யாருக்கும்மா எழுதுற?" என்று கேட்டே தீருவாள்.

அவளுடைய இரத்தப் புற்றுநோய்க்குப் பொருந்துகிற ஸ்டெம் செல், அதாவது புது இரத்தம் ஊறவைக்கும் செல், யாரிடம் இருக்கிறது என்று தேடி, போன விடுமுறை முழுக்க நீயும் உன் கூட்டாளிகளும் கார் கழுவிப் பணம் சேர்த்தீர்களே, அதில் நூற்றுப்பத்துப் பேருக்குப் பரிசோதனை முடிந்துவிட்டது. உனக்கும்தான்.

நேற்று அந்தப் பரிசோதனை செய்த ஸ்டெம் செல் கொடையாளர் பதிவகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நீ கப்பலில் இருப்பாய் என்று என் எண்ணைத்தானே கொடுத்திருந்தாய்.

"உங்க தம்பியோட செல் பொருந்துதும்மா."

பாப்பாவை வாரி அணைத்துக்கொண்டேன். பிறகுதான் அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்க குழந்தைக்கு இல்லம்மா. வேற ஒரு குழந்தைக்கு."

உன்னிடம் மறைப்பானேன்? முகம் தெரியாத அந்தக் குழந்தைமேல் எனக்குப் பொறாமை வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் தோன்றியது, அந்த வீட்டிலும் ஒருத்தி, எப்போது அழைப்பு வருமோ என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு சமைத்துக்கொண்டிருப்பாள்.

பரிசோதனைக்காகக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்த அன்று, "ஊசின்னா அப்பவே ஓடியிருப்பேன்க்கா" என்றாய். இப்போது செல் எடுப்பதற்காக நாலைந்து நாள் ஊசி போடுவார்கள். கடைசி நாள் கையில் குழாய் மாட்டிக்கொண்டு மணிக்கணக்காகப் படுத்திருக்க வேண்டும்.

பாப்பாவுக்கு என்றால் நீ யோசிக்கவே மாட்டாய். இதற்கும் யோசிக்காமல் போடா, கண்ணா.

பாப்பாவுக்கு இன்னும் யாரும் பொருந்தவில்லை. அதைப் பற்றி இன்று எழுதவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாக அவர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா