ஒன்பதாம் வகுப்புக்குக் கயல் சொன்ன புத்தகங்கள்

ஆர்.கே.பேட்டை,
3 ஆகஸ்ட் 2025

அன்புக் கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோச்சிங் விடுதி ஆபீஸ் போனில் உனக்குக் கொடுத்த நேரம் முழுவதையும் நைனாவே தின்றுவிட்டார். "டெஸ்ட்ல எவ்ளோ வாங்கின, எவ்ளோ வாங்கின" என்று கேட்டுகினே இருந்தால் நீ எப்போது பேசுவது? நான் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். உன் செல்போனை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டதால் ஒரே லாபம், நமக்குக் கடிதம் எழுத வந்துவிட்டது.

ஒரு செய்தி. திருத்தணியில் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் நூலகத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எட்டாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் என் பொறுப்பு. அந்த வயசுப் பிள்ளைகளுக்கு என்று நாவல்கள் வாங்கி அடுக்கிவிட்டேன். ஆனால் ஒருத்தரும் தொடமாட்டேன் என்கிறார்கள். "இதுல கொஸ்டின் கேப்பீங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டு ஓடுகிறார்கள். அவர்கள் கணக்கில் நான் கிழவி. நீ சொன்னால் கேட்பார்கள். ப்ளஸ் டூவில் பிசிக்ஸ் புத்தகத்துக்குள் மறைத்து வைத்து எத்தனை நாவல் படித்தாய், எனக்குத் தெரியாதா? நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எழுதி அனுப்பு. உன் கையெழுத்திலேயே நூலகப் பலகையில் ஒட்டுகிறேன்.

உன் அக்கா,
சுதா


மாணவியர் விடுதி,
12 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வார்டன் மேடத்துக்கும் வணக்கம். நாங்கள் எழுதுவதை அவர்கள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார்கள். வீட்டுக்குக் கவலை தரும் விஷயங்கள் எழுதக்கூடாது என்பது இங்கே ஒழுங்கு. ஆகையால் நான் நன்றாக இருக்கிறேன். நாவல் எதுவும் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், அதனால் எல்லாம் நினைவிலிருந்துதான்.

பலகைக்கு:

"லாரி ஷெட்டில் ஒரு கோடை. ஒன்பதாவது பிள்ளைகளே, முதல் இரண்டு அத்தியாயத்தில் கொட்டாவி வரும். தாண்டிப் போய்விடுங்கள், எழுதியவருக்குத் தெரியவா போகிறது? மூன்றாவதில் பையன் அப்பாவின் லாரியைப் பின்னால் எடுத்து ஹெட்மாஸ்டர் வீட்டுச் சுவரை இடிக்கிறான். அங்கே ஆரம்பியுங்கள். காதல் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு, ஆனால் அந்தப் பெண்ணுக்கே அது தெரியாது. அழுகை ஒரே ஒரு இடத்தில். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படிக்கவும்."

சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பிடத்தான் தோன்றுவதில்லை. ஒரு தடவை வீட்டுக்கு வந்து போகட்டுமா என்று நைனாவிடம் கேட்கிறாயா அக்கா?

கயல்


ஆர்.கே.பேட்டை,
24 ஆகஸ்ட்

அடி கயலு,

நீ அங்கே டாக்டருக்குப் படிப்பது வீண். பலகையில் ஒட்டிய அன்றே லாரி புத்தகத்துக்கு அடிதடி. ஒன்பதாவதில் பானுப்ரியா என்று ஒருத்தி, அம்மையார்குப்பத்திலிருந்து வருகிறவள், வீட்டில் பவர்லூம் ஓடுகிற சத்தத்திலேயே உட்கார்ந்து முழுதும் படித்துவிட்டு, "உங்க தங்கச்சி அடுத்தது எப்ப எழுதுவாங்க மிஸ்?" என்று வந்து நிற்கிறாள். நான் பக்கத்தில் இருப்பதே அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நைனாவிடம் கேட்டேன். "இப்ப வந்தா படிப்பு உட்டுப்பூடும், தீபாவளிக்கு வரட்டும்" என்கிறார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, உனக்கு மெடிக்கல் சீட் கிடைத்தால் அடுத்த வருஷம் புஷ்பக் காவடி எடுப்பதாக வேறு வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார். போன தடவை உனக்கு மார்க் குறைந்தபோது ஊரே கேட்டுவிட்டதல்லவா, அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறார்.

சாப்பிடத் தோன்றவில்லையா? பரீட்சை என்றாலே உனக்கு வயிறு மூடிக்கொள்ளும். ஊறுகாய் அனுப்புகிறேன். நீ அடுத்த புத்தகத்தை அனுப்பு.

சுதா


மாணவியர் விடுதி,
5 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

பலகைக்கு:

"மூன்றாம் மாடி. வசந்தி என்று ஓர் ஓட்டக்காரியின் கதை. ஊரில் வரப்பு மேல் அவள் ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. மெடல் வாங்க வேண்டும் என்று அவள் அப்பா தூரத்தில் ஒரு பயிற்சி விடுதியில் சேர்க்கிறார். அறை மூன்றாம் மாடியில். அங்கே வாரா வாரம் பெயர்களை வரிசையாக எழுதி மாட்டுவார்கள். வசந்தியின் பெயர் இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் இருப்பவர்களோடு மற்றவர்கள் பேசக்கூடாது. அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. ஓடவும் மறந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பெண்ணை ஒருநாள் வீட்டார் வந்து கூட்டிப் போகிறார்கள். அதன்பிறகு வசந்தி அந்தக் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றுதான் என்று ஒரு பக்கத்தில் சொல்கிறாள்.

அவளுக்கு ஓர் அக்கா உண்டு. ரொம்பப் பாசம். ஆனால் பேசிக்கொண்டே இருப்பதால் அக்கா காதில் எதுவும் விழாது. அப்பாவும் கெட்டவர் இல்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

என்னிடம் உள்ள பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. முடிவு தெரிந்தவர்கள் நேரில் வந்து சொன்னால் நல்லது. சீக்கிரம் வந்தால் நல்லது."

கயல்


ஆர்.கே.பேட்டை,
13 செப்டம்பர்

அன்புக் கயலுக்கு,

உன் மூன்றாம் மாடியைப் பலகையில் ஒட்டிவிட்டேன். ஆனால் எழுதியவர் பெயரை விட்டுவிட்டாயே! சென்னையில் புத்தகக்கடை வைத்திருக்கும் சிநேகிதியிடம் விசாரித்தேன், கேள்விப்பட்டதே இல்லை என்கிறாள். பதிப்பகம் எது?

ஒரு சின்னக் குறை சொல்லட்டுமா? பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கனம். அடுத்ததைச் சிரிக்கிற மாதிரிப் பார்த்துச் சொல். அந்த அக்கா பாத்திரமும் நம்பும்படி இல்லை. பாசம் இருக்குமாம், காதில் விழாதாம். எழுதியவருக்கு அக்காவே இருந்திருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனுக்கு வரவில்லை. படித்துக்கொண்டிருப்பதாக ஆபீசில் சொன்னார்கள். நைனாவுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

சுதா


மாணவியர் விடுதி,
19 செப்டம்பர்

அக்காவுக்கு,

அந்தப் புத்தகம் எங்கும் கிடைக்காது. தேட வேண்டாம். பலகையிலிருந்து எடுத்துவிடு. இனிமேல் எதுவும் எழுதி அனுப்ப என்னால் முடியாது, பிள்ளைகளிடம் சொல்லிவிடு. நைனாவைப் பார்த்துக்கொள்.

கயல்


விடுதி வாசல்,
24 செப்டம்பர்

கயலு,

கீழே கேட்டில் நிற்கிறேன். நைனாவும் வந்திருக்கிறார். பார்வையாளர் நாள் இல்லை என்று உள்ளே விடவில்லை. வாட்ச்மேன் வேடியப்பன் அண்ணனிடம் கெஞ்சி இந்தக் காகிதத்தை மேலே அனுப்புகிறேன். வார்டன் மேடம் இதையும் படிக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

நேற்று நூலகத்தில் பானுப்ரியா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மிஸ், இது புக்கு இல்ல மிஸ். லாரி புக்க எங்கள சிரிக்க வெச்சி எழுதினாங்க. ஒரு புக்கோட முடிவ யாராவது நேர்ல வந்து சொல்லுவாங்களா? உங்க தங்கச்சி உங்கள வரச் சொல்றாங்க மிஸ்" என்றாள். பதினாலு வயசு. நாவலே வைத்துக்கொள்ள விடாத இடத்தில் உனக்குப் பிரதி ஏது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நான் உட்கார்ந்து பதிப்பகம் தேடியிருக்கிறேன். என்னை நீ என்ன திட்டினாலும் தகும். வீட்டுக்குப் போனால் உன் கடைசிக் கடிதம் வந்து கிடக்கிறது. விடுதிக்குப் போன் போட்டேன். நன்றாக இருக்கிறாள், டெஸ்ட் நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள் என்று வைத்துவிட்டார்கள்.

நைனா வேர்க்கடலைக் கழனியில் இருந்தார். அங்கேயே போய் நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அவரிடம் யாரும் சொல்லவில்லை" என்ற இடத்தில் இன்னொரு தரம் படி என்றார். படித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "பஸ் எத்தினி மணிக்கு?" என்றார். வழியெல்லாம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நீ ஒன்றும் விளக்கம் சொல்ல வேண்டாம். நான் பேசமாட்டேன், சத்தியமாக. நீ இருக்கிறாய் என்று மட்டும் இதன் பின்பக்கம் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தனுப்பு.

சுதா


அக்கா,

இருக்கிறேன். நான் தோற்றுப்போய்விட்டேன் என்று நைனாவுக்குத் தெரியுமா? கோபமாக இருக்கிறாரா?

கயல்


கயலு,

கோபமாகத்தான் இருக்கிறார். உன்மேல் இல்லை. கேட்டைப் பிடித்து ஆட்டிகினு, "எனக்கு சீட்டும் வாணாம் ஒண்ணும் வாணாம், என் பொண்ணக் கூப்புட்றியா, இல்ல நான் ஏறிக் குதிச்சி வரட்டா?" என்று கத்திகினு இருக்கிறார். வேட்டி கம்பியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. பெட்டியெல்லாம் கிடக்கட்டும், அப்படியே இறங்கி வா. என்னால் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

சுதா