நான் முடிக்கும் வரை

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கும் பொறுமை இன்று எனக்கில்லை.

நேற்று அந்தப் பள்ளிக்கூட நேர்காணலுக்குப் போனேன். பின்னக் கணக்கு நடத்திக் காட்டப் பத்து நாள் தயாரானேன். காகித வட்டங்கள்கூட வெட்டி வைத்திருந்தேன். தலைமையாசிரியர் என் பையைத் திறக்கவே விடவில்லை. "சிரமப்படாதீங்கம்மா, உங்க அக்கா எல்லாம் எழுதியிருக்காங்க. விடைத்தாள் திருத்துற வேலை இருக்கு. பேசவே வேண்டாம்" என்றார். மெதுவாக, சத்தமாக. எனக்குத் திக்கும். காது நன்றாகவே கேட்கும்.

என்ன எழுதினாய்?

தங்கை

மார்ச் 9

என் குட்டிக்கு,

உனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். நானா திக்குவாய் என்று எழுதுவேன்? அப்படிச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரனோடு உனக்காகச் சண்டை போட்டவளடி நான்! 'பேச்சுக் குறைபாடு உள்ளவர், பொறுத்துக்கொள்ளவும்' என்றுதான் எழுதினேன், மரியாதையாக. யாரும் உன்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதே என்ற பயம். போன் பண்ணினாலும் எடுப்பதில்லை. நல்லதுக்குக் காலமில்லை.

சாப்பிட்டாயா?

அக்கா

மார்ச் 15

அக்கா,

சாப்பிட்டேன்.

அதே வார்த்தைக்குப் பவுடர் பூசி அனுப்பியிருக்கிறாய். திக்குவாய் என்று சொல்பவனோடு சண்டையாவது போடலாம். உன் மரியாதையோடு எப்படிப் போடுவது? நான் வாசலை மிதிக்கும் முன்பே அது போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. நாலு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். அதை எழுதத் தோன்றவில்லையே உனக்கு!

நேற்று மறுபடி போனேன். ஒரு வகுப்பு நடத்தாமல் கிளம்பமாட்டேன் என்றேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆனது. அவர் இரண்டு முறை முடித்துவைக்கப் பார்த்தார், இரண்டும் தப்பு. கடைசியில் ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார். 'பின்னம்' என்ற முதல் சொல்லிலேயே சிக்கிக்கொண்டேன். பின் வரிசையில் சிரிப்பு. ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், ஏன் இப்படிப் பேசுறீங்க?"

"எனக்குத் தி... திக்கும்."

"சரி மிஸ். அந்த முக்கால் வட்டம் எனக்கு வேணும்."

அவ்வளவுதான். அப்புறம் கணக்கு நடந்தது.

வேலை கிடைக்குமா, தெரியாது. கிடைக்காவிட்டால் என் பாடத்தைப் பார்த்துக் கிடைக்காமல் போகட்டும்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று கேள். இத்தனை வருடமாக என் பேச்சை நீதான் முடித்துவைக்கிறாய். பாதிக்குமேல் நான் சொல்ல வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன். நான் முடிக்கும் வரை வாயைத் திறக்காதே.

திறந்தால் வைத்துவிடுவேன்.

உன் தங்கை